கழுவி மடித்த உறை

வரிசை நகர்வதாகவே இல்லை.

கவுண்டருக்கு நேரே நின்ற ஆள் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்டுக்கறி உருண்டை என்று மேலே ஒட்டிவிட்டு, உள்ளே குதிரைக்கறியை வைத்து விற்க எப்படி மனசு வந்தது? சம்பளத்துக்கு நிற்கிற சின்னப் பெண்ணுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? ‘மன்னிச்சிடுங்க’ என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு வாய் வறண்டுபோயிருந்தது.

வரிசையில் நின்ற தையற்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டதையே கேட்டால் ஆடு திரும்பி வந்துவிடுமா என்ன?

மதியத்துக்குள் அவர் வீட்டில் இருந்தாக வேண்டும். அவருடைய மனைவி அந்த ஒரு வேளைக்குத்தான் கட்டிலில் எழுந்து உட்காருவாள். அப்போது வாய்க்குள் ஏதாவது போனால் உண்டு. விட்டால் அன்றைக்குப் பட்டினிதான்.

பெரிய சிகிச்சை ஒன்று முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்தே இப்படி. கஞ்சி, சூப், பழம் என்று எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய சட்டைகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாகிவிட்டது. இத்தனை வருஷத் தொழிலில் அவ்வளவு ஆத்திரத்தோடு அவர் ஊசியைத் தொட்டதில்லை. கடைசியில் அவள் வாய் திறந்தது இந்தக் கடையின் கறி உருண்டைக்குத்தான்.

இன்று காலை டிவியில் குதிரைச் சேதி வந்தது. அவள் படுத்தபடியே முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு அவரிடம் ஒரு வார்த்தை சொன்னாள்.

அவ்வளவுதான், தையல் மிஷினில் பாதித் துணியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார். கழுவி மடித்த காலி உறை ஒன்று அவருடைய சட்டைப் பையில் இருந்தது. மற்றவர்கள் கையில் இருந்ததெல்லாம் திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்த, பிரிக்காத பாக்கெட்டுகள். நின்ற நேரத்தில் அவற்றிலிருந்த ஐஸ் உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“நேத்து பஸ்ஸைத் துரத்திப் புடிச்சேன். காரணம் இப்பத்தானே தெரியுது” என்றார் நடுவில் நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். தையற்காரர் சிரிக்கவில்லை. அந்தக் குதிரைக்குப் பேர் என்ன என்று கேட்ட தன் பிள்ளை அதற்குப் பிறகு சோற்றைத் தொடவே இல்லை என்று ஒரு தாய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பின்னால் நின்ற தொப்பிக்காரர் அவர் தோளைத் தட்டினார்.

“உங்க வீட்ல எத்தனை பேரு சாப்பிட்டீங்க?”

“என் வீட்டுக்காரி மட்டும்தான். உடம்பு முடியாதவ.”

சொல்லியிருக்கக் கூடாது. உடம்பு முடியாதவளுக்குக் குதிரைக்கறியைக் கொடுத்துவிட்டார்களாம் என்று பேச்சு முன்னால் ஓடியது. அது கவுண்டரைப் போய்ச் சேர்வதற்குள் அவர் மனைவி சாகக் கிடந்தாள்.

தொப்பிக்காரர் அவருடைய முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டு போனார். கத்திக்கொண்டிருந்த ஆளே மரியாதையாக ஒதுங்கி நின்றார். யாரோ செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். “விடுங்க, விடுங்க” என்று தையற்காரர் சொன்னது எவர் காதிலும் விழவில்லை.

அந்தப் பெண் முகம் வெளுத்துப்போய் நின்றாள். உடம்புக்கு ஒன்றும் செய்யாது, சோதனை செய்து சொல்லிவிட்டார்கள் என்று தொடங்கியவள், கூட்டம் முறைத்த முறைப்பில் மீதியை விழுங்கிக்கொண்டாள். கேட்பதற்கு முன்பே பணத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் உறையை வெளியே எடுத்து, துணியை நீவுவதுபோல் மேசையில் நீவி வைத்தார்.

“பணம் வேண்டாம்மா. இதுலயே இன்னும் ஆறு பாக்கெட் வேணும்.”

செல்போன் மெதுவாகக் கீழே இறங்கியது. தொப்பிக்காரர் பிடித்திருந்த முழங்கையை விட்டுவிட்டார்.

“விக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, ஐயா. எல்லாத்தையும் அழிக்கப் போறாங்க.”

அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அது கழுத்துவரை நிறைந்திருந்தது. யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று பாக்கெட்டுகளைக் கிழித்து மேலே தரை கழுவுகிற மருந்தை ஊற்றியிருந்தார்கள். அந்தப் பெண் எதிரே இருந்த அலமாரியைக் காட்டினாள். அங்கே இருப்பது நிஜ ஆட்டுக்கறி உருண்டை என்றாள். அதெல்லாம் முன்பே வாங்கிப் பார்த்தாயிற்று. மணம் பட்டதுமே மனைவிக்குக் குமட்டியது.

அவருக்கும் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த வேலைக்குத்தான் அங்கே ஆள் பஞ்சமே இல்லையே.

போன வாரம்தான் மனைவி தன் சட்டை இறுக்குகிறது என்று சொல்லியிருந்தாள். பிடித்துப் போட்ட தையலை அவர் சீட்டியடித்துக்கொண்டே பிரித்தார்.

உறையை எடுத்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். வாசலுக்குப் போகவில்லை. வரிசையின் வால்பக்கத்துக்கு நடந்தார். தொட்டிக்கு இன்னும் வந்து சேராத பாக்கெட்டுகள் அங்கேதான் இருந்தன. கடைசியாக நின்ற பெண்மணி இரண்டு பாக்கெட்டுகளை உடம்பில் படாமல் விரல் நுனியில் தொங்கவிட்டிருந்தாள்.

“அதை என்கிட்ட குடுத்துடறீங்களாம்மா?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எதற்கு என்று கேட்டாள்.

காலையில் மனைவி சொன்னதை அவர் அப்படியே சொன்னார்.

“குதிரைதானா? சரி, எல்லாரும் கொண்டுபோய்க் கொட்டறதுக்குள்ள ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடுங்க.”