அழைப்பு வராத வீடு

"லைன்ல முப்பத்திரண்டு வூட்டுக்கும் கல்யாண வெத்தல பாக்கு வெச்சாச்சு. நம்ம வூட்ட மட்டும் தாண்டிப் போயிட்டான் அந்த முனிரத்தினம்!"

பாக்கியவதி செம்பை நங்கென்று தரையில் வைத்தாள்.

அவள் மகன் ஏனோக் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான். பெங்களூர் காலேஜில் எப்.ஏ. படிக்கிறவன். பரீட்சைக்குப் படிக்கவென்று பத்து நாள் லீவில் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர் லைனுக்கு வந்திருந்தான். 1896, கார்த்திகை மாதம்.

"மறந்திருப்பாம்மா."

"மறக்கறதுக்கு நாம இன்னா நாலு லைன் தள்ளியா கீறோம்? அடுத்த கதவு! போன வருஷம் அவங்க அக்கா கல்யாணத்துக்குப் பரீட்சைய வுட்டுட்டு ஓடியாந்து மூணு நாளு பந்தி பரிமாறினியே, அதுக்குத்தான் இந்த மரியாதை."

அது உண்மைதான். ஒரு வருஷம் வீணாய்ப் போனது. ஏனோக் அதற்காக வருத்தப்பட்டதில்லை. முனிரத்தினம் சுரங்கத்தில் இறங்கினான், இவன் காலேஜுக்குப் போனான், மற்றபடி இருவருக்கும் ஒன்றும் வித்தியாசமில்லை என்றுதான் நினைத்திருந்தான்.

ஷிப்ட் முடிகிற நேரத்துக்குச் சுரங்க ஷாப்ட் வாசலில் போய் நின்றான். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வந்தது. முகமெல்லாம் கல்தூளோடு முனிரத்தினம் இறங்கினான். ஏனோக்கைப் பார்த்தான். பார்க்காதவன் மாதிரி கூட்டத்தோடு போய்விட்டான்.

அம்மா அன்றிலிருந்து ஓயவில்லை.

"அவன் மூஞ்சியப் பாரு, அண்டாவுக்கு மூக்கு வெச்சாப்பல! நன்றின்னா எந்தக் கடையில கெடைக்கும்னு கேப்பான்."

"அம்மா, போதும்மா."

"கல்ல ஒடைச்சி ஒடைச்சி மனசும் கல்லாப் பூட்சி. கட்டிக்கப் போறாளே சம்பங்கி, பாவம் அந்தப் பொண்ணு. அவன் வுடற கொறட்டையில கூரையே பேத்துகினு பூடும்."

"அவன் கொறட்டை உனக்கெப்படித் தெரியும்?"

"நடுவுல ஒரு தட்டிதானே? நீ படி."

திங்கட்கிழமை காலை முகூர்த்தம். அதே திங்கட்கிழமை பத்து மணிக்குப் பெங்களூரில் கணக்குப் பரீட்சை.

சனிக்கிழமை மத்தியானம் பந்தல் போட மூங்கில் வந்து இறங்கியது. ஏனோக் புத்தகத்தை மூடினான்.

"கூப்பிடாட்டி இன்னாம்மா? நான் கல்யாணத்துக்குப் போறேன். பரீட்சைய அடுத்த வருஷம் எழுதிக்கறேன்."

பாக்கியவதிக்கு முகம் வெளுத்துப்போனது. குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அரைமணி கழித்துத்தான் தண்ணீரோடு திரும்பினாள்.

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். கெணத்தாண்ட எல்லாரு எதிர்லயும் முனிரத்தினம் சொல்றான். 'கோட்டு போட்ட தொர பந்தியில வந்து குந்தினா, எங்க ஆளுங்க எப்பிடிக் கைய நக்கித் துன்னுவாங்க? அவன் வராம இருந்தாலே போதும்'னு."

ஏனோக் எழுந்தான். பெட்டியை எடுத்தான். அன்று சாயங்கால வண்டியிலேயே ஏறிவிட்டான்.

வழியெல்லாம் கோபம். யாரிடம் காட்டுவது? யூக்ளிட் கணக்குப் புத்தகத்திடம் காட்டினான். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் கூப்பிட்ட நண்பர்கள் யாரோடும் வெளியே போகவில்லை. இனிமேல் சிநேகிதமே வேண்டாம், படிப்பு போதும் என்று முடிவு செய்திருந்தான். திங்கட்கிழமை கேள்வித்தாளை அவன் முறைத்த முறைப்பில், விடைகளெல்லாம் பயந்துபோய்த் தானாக வந்து நின்றன.

பரீட்சையெல்லாம் முடிந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர் வந்து இறங்கினான்.

ஸ்டேஷனில் மேளச் சத்தம். மஞ்சள் வேட்டியில் முனிரத்தினம். பக்கத்தில் புதுத்தாலியோடு சம்பங்கி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாக்கியவதி!

ஏனோக் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான். மேளமும் கூடவே வந்தது.

"நில்லுடா." முனிரத்தினம் குறுக்கே வந்து நின்றான். "எப்பிடி எழுதின?"

"தொரைங்க எழுதறதப் பத்தி உனக்கென்ன?"

"எழுதினியா, இல்லியா?"

"ஒண்ணு வுடாம எழுதிட்டேன். போதுமா? வழி வுடு."

முனிரத்தினம் வழி விடவில்லை. பெட்டியோடு சேர்த்து அவனைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறக்கினான்.

"மொத வெத்தல உங்க வூட்டுக்குத்தாண்டா வெச்சேன்! அம்மா கையிலயே குடுத்தேன். கூப்பிட்டா நீ பரீட்சைய வுட்டுட்டு வந்துருவ. கூப்பிடாட்டியும் வந்துருவ. கோவம் வந்தாத்தான் ரயில் ஏறுவ. உனக்கோசரம் விருந்த இன்னிக்குத் தள்ளி வெச்சிகீறோம். வந்து பரிமாறு."

ஏனோக் அம்மா பக்கம் திரும்பினான்.

"அப்ப நீ அவனை அந்தத் திட்டுத் திட்டினது?"

பாக்கியவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அந்தப் புள்ளையத் திட்ட எனக்கெங்கடா வாய் வருது? தெனம் கெணத்தாண்ட வந்து, 'இது காரம் பத்தாதும்மா, நாளைக்கு இப்பிடித் திட்டுங்க'ன்னு அவனேதான் சொல்லிக் குடுத்தான்."