பேராசிரியரின் அபூர்வ நொதி

மாவுக் கரைசலில் அயோடினைச் சொட்டியதும் கருநீலம் ஏறியது. "உலகத்துல வேற எங்கயும் கிடைக்காத நொதி இது. மாவைத் தின்னு தீர்த்துடும், நீலம் பறந்துடும், பாருங்க," என்றார் பேராசிரியர். விருதுக் குழு கண்கொட்டாமல் பார்த்தது.

புட்டியிலிருந்து நொதியை ஊற்றிப் பத்து நிமிடமாகியும் நீலம் அசையவில்லை.

பேராசிரியர் ஆய்வக உதவியாளரை ஓரமாக இழுத்துப் போனார். "யோவ், புளிப்பு பட்டா நொதி படுத்துடும்னு தெரியாதா? புட்டியில எதைக் கலந்தே?"

"எதையும் கலக்கல சார். காலையில எலுமிச்சை ஜூஸ் குடிச்சேன், அவ்வளவுதான்."

"நீ ஜூஸ் குடிச்சா என் இருபது வருஷ உழைப்பு ஏன்யா கெடணும்?"

உதவியாளர் தலையைச் சொறிந்தார். "உங்க உழைப்பு போன வருஷமே கைதவறிக் கொட்டிப்போச்சு சார். அன்னையிலேர்ந்து தெனமும் புட்டியில நான்தான் துப்பி வெக்கிறேன்."