தொட்டிச் சாமந்தி

"பாதாம் மரம் இன்னாத்துக்கு ரமா? தொட்டியில சாமந்தி வெய்யி, சீக்கிரம் பூக்கும்" என்றார் மணிமாறன்.

"பூத்துட்டு காஞ்சிபூடும். பாதாம்னா நெழலு தரும், கொட்டை தரும், பேரப்புள்ள வரைக்கும் நிக்கும்."

"வேரு சொவத்தப் பொளந்துடும்."

"இன்னாய்யா பேசுற? கம்பெனிய மூடினாலும் குவார்ட்டர்ஸ வுட்டுப் போவ மாட்டோம், அதுக்கு அடையாளமா வூட்டுக்கு ஒரு பாதாம் வைங்கன்னு கேட் மீட்டிங்குல கத்துனதே நீதான?" என்றாள் அவர் மனைவி ரமாபாய்.

திருவொற்றியூரின் அந்தத் தொழிலாளர் குடியிருப்பில் சங்கத் தலைவர் மணிமாறனின் வாசல் ஒன்றே வெறுமையாக இருந்தது.

அதற்குள் எதிர்வீட்டு வல்லரசு, கன்றும் கடப்பாரையுமாக வந்து குழி தோண்டத் தொடங்கினான்.

"ஊருக்கு ஒழைக்கிற ஆளு, ஒங்களுக்கு எங்க நேரம்? அண்ணி, தண்ணி எடுத்தாங்க! தலைவரே, ஒங்க கையால நடுங்க."

மணிமாறன் வலக்கையை நீட்டிக் கன்றை வாங்கினார். விருப்ப ஓய்வுக்கு எவரும் இசையலாகாது என்று மேடைதோறும் முழங்கிய அவர், வீட்டைக் காலி செய்யவும் ஒப்பி, நேற்று நிர்வாகத்தின் அறையில் முதல் ஆளாகக் கையெழுத்திட்டது அந்தக் கையால்தான்.