பன்னிரண்டு கிலோமீட்டர்

விபத்தில் என் கணவர் இறந்து நாற்பது நாளாகிறது. நொறுங்கிய காரைப் பழைய இரும்புக்கடைக்காரர்கள் நசுக்கி எடுத்துப்போனார்கள். அவர் எப்படி ஓட்டுகிறார் என்று கண்காணிக்க இன்சூரன்ஸ் கம்பெனி அதில் பொருத்தியிருந்த கறுப்புப் பெட்டி மட்டும் என்னிடம் வந்தது. ஆனாலும் தினமும் மாலை ஆறு மணிக்கு என் போனில் ஓர் அறிக்கை வரும்: 'இன்றைய பயணம், பன்னிரண்டு கிலோமீட்டர்.' அவருடைய ஆபீஸிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சரியாக அவ்வளவு தூரம்.

இன்று மாலை பெட்டியை எடுத்துப்போய் கம்பெனி அதிகாரியின் மேசையில் போட்டேன். அறுந்த ஒயர்கள் தொங்கின.

"செத்தவரை இன்னும் எத்தனை நாளைக்கு வண்டி ஓட்ட விடுவீங்க? வெந்த புண்ணுல வேல் பாய்ச்சவா கம்ப்யூட்டர் வச்சிருக்கீங்க?"

"நாங்க எதுவும் எழுதுறதில்லை மேடம். பெட்டி சொல்றதைத்தான் கம்ப்யூட்டர் அனுப்புது."

"எந்தப் பெட்டி? இதுவா?"

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"இப்பவும் வண்டி ஓடிக்கிட்டிருக்கு மேடம். உங்க தெருவுக்குள்ள திரும்பிடுச்சு. வேகம் இருபதுதான். சீட் பெல்ட் போட்டிருக்கு."

அந்த பெல்ட்டுக்காகப் பதினாறு வருஷம் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். ஒருநாள்கூடப் போட்டதில்லை. விபத்தன்றும் போடவில்லை.

"இப்பப் போட்டு யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினேன்.

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அதிகாரி மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க வீட்டு வாசல்ல வண்டி நின்னுடுச்சு" என்றார். "பெல்ட்டைக் கழட்டிட்டார்."