கோதண்டத்தின் சவரக்கத்தி

பக்கவாதத்தில் வலக்கை விழுந்த பிறகு என் கணவர் கோதண்டம் யாரையும் முகத்தில் கைவைக்க விடவில்லை. மூன்று மாதத் தாடி. அவருடைய துருப்பிடித்த சவரக்கத்தியை நானே தீட்ட உட்கார்ந்தேன். காய் நறுக்கும் கத்தியைப் போலச் சாய்த்துக் கல்லில் தேய்த்ததில் விளிம்பில் பல் விழுந்தது.

“கத்தி முதுகும் கல்லுல படணும்டி. இது என்ன வெங்காயம் அரியறதா?” என்றார் கட்டிலிலிருந்து.

“சும்மா கெடங்க. எல்லாம் வரும்.”

பதினோரு நாள் தேய்த்தேன். அவருடைய பழைய தோல் பெல்டில் தீட்டினேன். என் நரைமுடி ஒன்றைப் பிடுங்கி விளிம்பில் தொட்டேன், இரண்டாகி விழுந்தது.

சோப்பு நுரையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“உன் கை நடுங்குதேடி.”

“நடுங்கட்டும். நீங்க பேசாம இருங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு மோவாயைத் தூக்கினார்.