உட்காராத மாப்பிள்ளை

அன்று மழையா வெயிலா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அக்காவுக்கு அத்தை பார்த்த வரன், எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்து உட்காராமலே நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

நாற்காலிகளுக்குச் சம்பங்கோரையில் இருக்கை பின்னுவது எங்கள் வீட்டுத் தொழில். இருந்ததிலேயே அழகான நாற்காலியை அத்தை இழுத்துப் போட்டாள்.

“உட்காருங்க தம்பி.”

“பரவாயில்லைங்க, நிக்கிறேன்.”

எத்தனை சொல்லியும் அவன் அசையவில்லை. பட்டறையிலிருந்து வந்த அப்பாவின் காதைக் கடித்தாள் அத்தை. “நம்ம நாற்காலி இவருக்கு மட்டமாம். இந்தச் சம்பந்தம் வேண்டாண்ணே.”

அப்பா நாற்காலியைப் பார்த்துப் பதறினார். “இதுல யாராவது உட்கார்ந்தீங்களா? காலையிலதான் பின்னி முடிச்சோம். கோரை இன்னும் ஈரம். உட்கார்ந்தா குழி விழுந்துடும்.”

“அதனாலதாங்க உட்காரலை.”

அப்பாவின் முகம் மலர்ந்தது. “பார்த்ததுமே கண்டுபிடிச்சிட்டீங்களா மாப்பிள்ளை?”

“இல்லைங்க, அவதான் காலையிலயே போன்ல...” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எல்லோரும் சமையலறை வாசலைப் பார்த்தோம். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 

“அப்ப இது நான் பார்த்த வரன் இல்லையா?” என்றாள் அத்தை.

அப்பாதான் முதலில் சிரித்தார்.

நாற்காலி நன்றாகக் காய்ந்து, பின்னக் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அக்காவும் அவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அத்தை இன்றும் அது தான் பார்த்த வரன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.