மூன்று கிலோவுக்கு ஒரு பெயர்

"மூணு கிலோ குழந்தைங்க சம்பந்தி. அது தலையில கொண்டுபோய் 'திராசிவூலோஸ்'னு இவ்வளவு கனமான பேரை வைக்கலாமா? முதல்ல கழுத்து நிக்க வேண்டாமா?"

லாம்ப்ரோஸ் கேட்டதும் திராசிவூலோஸுக்கு மீசை துடித்தது.

"மூத்த பேரனுக்கு அப்பா வழித் தாத்தா பேருதான்! நாக்ஸோஸ் தீவு பூராவும் கேட்டுப் பாருங்க."

"பெத்தவ என் பொண்ணு. லாம்ப்ரோஸ்னு சின்னதா, வாய்க்கு வசதியா…"

ஏதென்ஸில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காலை எட்டு மணிக்குத் தொடங்கிய சண்டை இது. உள்ளே, பிறந்து ஆறே நாளான பேரன். இதயத்தின் பெரிய ரத்தக்குழாய்கள் இரண்டும் இடம் மாறியிருப்பதை ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே பார்த்துவிட்டார்கள். அதனால்தான் தீவிலிருந்து கப்பலேறி வந்து ஏதென்ஸில் பிரசவம். பெற்றவர்கள் கீழே சிற்றாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

திராசிவூலோஸ் கண்ணை இடுக்கினார். "எனக்கு முன்னாடியே விடிகாலையில வந்து நின்னீங்களே. திருட்டுத்தனமா பிள்ளையைக் காத்துல மூணு தடவை தூக்கி உங்க பேரை வச்சிட்டீங்களா?"

"அட, அந்த அவசர ஞானஸ்நானமெல்லாம் பாதிரியார் வர்ற வரைக்கும் தாங்காதுங்கற பிள்ளைக்குச் செய்யறது. நம்ம பய சிங்கம் மாதிரில்ல உள்ள போனான்!"

"ஐயோ, கண்ணு படும்! தூ! தூ! தூ!"

"தாத்தா, இங்க துப்பக் கூடாது!" என்று ஒரு நர்ஸ் அதட்டினாள்.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திராசிவூலோஸ் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் லாம்ப்ரோஸ் புதிதாக ஒரு குறை சொன்னார்.

"பையன் அந்தப் பேரை எழுதி முடிக்கறதுக்குள்ள பரீட்சை முடிஞ்சு மணி அடிச்சிடும்."

"உங்களுக்கு எழுத்துக்கூட்டத் தெரியலைங்கறதுக்காக என் பேரன் என்ன செய்வான்?"

ஒரு மணிக்கு விளக்கு அணைந்தது. டாக்டரம்மா முகமூடியை இறக்கிக்கொண்டே வந்தார். "ரெண்டு குழாயையும் அதது இடத்துல தச்சாச்சு. இதயம் ஜம்முனு துடிக்குது."

திராசிவூலோஸ் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். மீசையெல்லாம் கண்ணீர்.

"சம்பந்தி… லாம்ப்ரோஸ்னே வச்சிடுங்க. பிள்ளை உசிரோட வந்தானே, அது போதும்."

லாம்ப்ரோஸ் தரையைப் பார்த்தார். அந்த நர்ஸ் ஒரு தாளோடு அவரிடம் வந்தாள்.

"பாதிரியார்கிட்ட குடுக்க வேண்டிய தாள், தாத்தா. விடிகாலையில குழந்தை நீலம் பாரிச்சுப் போனப்போ நீங்க காத்துல தூக்கி வச்ச பேரை எழுதியிருக்கேன். 'திராசிவூலோஸ்', எழுத்து சரியா பாருங்க. இனிமே மாத்த முடியாது."

திராசிவூலோஸ் தாளைப் பிடுங்கித் தன் பேரைப் படித்தார். "அப்புறம் எதுக்குய்யா அஞ்சு மணி நேரமா என்கூட மல்லுக்கட்டினீங்க?"

"உங்க நெஞ்சுல ஏற்கெனவே ரெண்டு ஸ்டென்ட் இருக்கே. சும்மா உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துட்டு இருந்தா தாங்குமா?" என்றார் லாம்ப்ரோஸ். "இது குழந்தைங்க ஆஸ்பத்திரி சம்பந்தி, உங்க அளவுக்குக் கட்டில் கிடையாது."